விருந்தாளி ரவுண்டு

பாலகாட், கே.ஜி.எஃப்.
3 பிப்ரவரி 2025

ஆபிரகாம்,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இருபத்தெட்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டேன். இதற்கு மேலும் இருந்தால் மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வாய். நான் எதையும் மறப்பவன் இல்லை. ஆறாம் வகுப்பில் என் ஜியாமெட்ரி பாக்ஸை உடைத்தவனின் பெயரும் இனிஷியலும் இன்னும் என்னிடம் இருக்கிறது.

விலாசம் கொடுத்தது உன் தங்கை மாலா. போன வாரம் ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டில் பார்த்தேன். என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் போகப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, நின்று, "அண்ணா, எங்கண்ணன் வருஷா வருஷம் உங்களப் பத்திக் கேக்குது. நான் இன்னான்னு சொல்றது?" என்றாள். போன் நம்பரையும் சொன்னாள். நான் எழுதிக்கொள்ளவில்லை. நீயும் அவளிடம் என் நம்பரை வாங்காதே. உன் குரலைக் கேட்டால் நான் வேறு ஏதாவது பேசிவிடுவேன். சொல்ல வந்ததைக் கடிதத்தில்தான் சொல்ல முடியும்.

நடந்தது உனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் ஒருமுறை வரிசையாக எழுதிவிடுகிறேன். 1997, மாநிலக் குத்துச்சண்டைத் தேர்வு, பேண்டம் வெயிட் இறுதிப் போட்டி. எதிரில் நின்றவன் சப்-இன்ஸ்பெக்டர் திம்மராயப்பாவின் மச்சினன். போட்டிக்கு முன் திம்மராயப்பா உடை மாற்றும் அறைக்கு வந்தார். எனக்குக் கையில் துணி சுற்றிக்கொண்டிருந்த உன்னை வெளியே கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசினார். திரும்பி வந்து "ஒண்ணுமில்லடா, டைம் கேட்டாரு" என்றாய். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

இரண்டாவது ரவுண்டில் அந்த மச்சினனைப் படுக்க வைத்தேன். நான்காம் நாள் காலையில் என் வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் தங்கத் தாதுக்கல் மூட்டை ஒன்று 'கண்டெடுக்கப்பட்டது'. சுரங்கத்தில் திருடியது என்றார்கள். கண்டெடுத்ததற்குச் சாட்சியாக மகஜரில் இரண்டு கையெழுத்து. ஒன்று போலீஸுக்கு வழக்கமாகப் போடுகிறவன். இன்னொன்று நீ.

ஸ்டேஷனில் திம்மராயப்பா என் வலது கையை மேசை மேல் விரித்து வைக்கச் சொன்னார். லத்தி. மூன்று விரல் முட்டிகள் உடைந்தன. நாற்பத்தோரு நாள் ஜெயில். அதற்குள், அந்த வெற்றிக்குக் கிடைக்கவிருந்த ரயில்வே வேலைக்கான நாள் போய்விட்டது. ஆறு வருடம் கழித்துக் கோர்ட்டில் ஆதாரமில்லை என்று விடுதலை செய்தார்கள். நீ அதற்கெல்லாம் இல்லை. மகஜரில் கையெழுத்துப் போட்ட மறுநாளே வண்டியேறிவிட்டாய்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. நீ போன பிறகு நம் கிளப்பில் ஒரு வழக்கம் வந்தது. வருடாந்தரப் போட்டியில் இறுதி ஆட்டங்களுக்கு முன்னால் சிறப்பு விருந்தினருக்கு கிளவுஸ் மாட்டி ரிங்கில் ஏற்றிவிடுவார்கள். எதிரில் ஒரு பழைய சாம்பியன் நிற்பான். ஒரு நிமிடம். விருந்தினர் குத்துவார், இவன் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வாங்குவான், கடைசியில் பொத்தென்று விழுவான். ஜனம் விசிலடிக்கும். இதற்கு விருந்தாளி ரவுண்டு என்று பெயர். எம்.எல்.ஏ. வந்திருக்கிறார், பல் டாக்டர் வந்திருக்கிறார், ஜவுளிக்கடை ஜம்புலிங்கம் கூட வந்து நாலு குத்து விட்டுப் போனார்.

மார்ச் 9, ஞாயிறு. இந்த வருட விருந்தினர் ஓய்வுபெற்ற டி.எஸ்.பி. திம்மராயப்பா. பழைய சாம்பியனாக நிற்க நான் பெயர் கொடுத்துவிட்டேன். செயலாளர் பிரதாப் சின்னப் பையன், அவனுக்கு எதுவும் தெரியாது. "ஒத்துக்கிட்டீங்களேண்ணா!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான்.

வலது கை இன்னும் முழுதாக மூடாது. இடது கை நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு ஹூக். அறுநூறு பேருக்கு முன்னால், கிளவுஸ் போட்டு, ரிங்குக்குள். அன்று உடை மாற்றும் அறையில் இருந்தவர்கள் அவரை விட்டால் நாம் இருவரும்தான். அதனால் உனக்குச் சொல்கிறேன்.

எம். மனோகர்

*

கோயம்புத்தூர்
11 பிப்ரவரி 2025

டேய் மனோ,

உன் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்னாலேயே கவரின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்துத் தெரிந்துவிட்டது. 'கோ'வுக்குக் கொம்பு போட்ட பிறகு பேனாவை ஒரு தட்டு தட்டுவாய், அந்தப் புள்ளி இருந்தது. பம்பு கம்பெனி வேலையிலிருந்து வந்தவன், சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று படித்தேன். என் வீட்டுக்காரி, "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டாள். நான், "ஒருத்தன் உயிரோட வந்துட்டான்" என்றேன்.

கையெழுத்து நான்தான் போட்டேன். அதைச் சுற்றி வளைத்துச் சொல்லப் போவதில்லை. ராத்திரி திம்மராயப்பா ஆட்களோடு எங்கள் சுரங்க லைன் வீட்டுக்கு வந்தார். அப்பா ஷிஃப்டுக்குப் போயிருந்தார். "போடலேன்னா மூட்டையோட ரெண்டாவது சாக்கு உங்க வீட்ல இருக்கும், உங்கப்பன் வேலையும் வீடும் சேந்து போயிடும்" என்றார். தாளில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை. படித்திருந்தாலும் போட்டிருப்பேன். எனக்கு இருபத்தைந்து வயது, உன்னைப் போல தைரியம் கிடையாது. உன் கார்னரில் நின்று தண்ணீர் கொடுக்கிறவன் நான். குத்து வாங்குகிறவன் நீ.

மறுநாள் கிளம்பிவிட்டேன். உன் கையை உடைத்தது ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். ஒரு துண்டுத் தாள்கூட எழுதவில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இதற்கு என்ன சொன்னாலும் சாக்குத்தான்.

ஆனால் மனோ, அந்த ஹூக் வேண்டாம். அவருக்கு இப்போது அறுபத்து நாலு இருக்கும். நீ அடித்தால் அவர் விழுவார், எழுந்திருக்காமலும் போகலாம். அவர் கூடவே கான்ஸ்டபிள்கள் நிற்பார்கள். அதே ஸ்டேஷன், அதே மேசை. இந்த முறை மூட்டை வைக்கக்கூட வேண்டியதில்லை, அறுநூறு சாட்சி இருக்கும். மாலா சொன்னாள், உன் மனைவி நளினி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள் என்று. அவள் நைட் டியூட்டி முடித்துவிட்டு உனக்கு ஜெயிலுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வர வேண்டுமா? எனக்காகச் சொல்லவில்லை. நான் சொல்லி நீ கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவளுக்காகச் சொல்கிறேன்.

நான் இப்போது எண்பத்தெட்டு கிலோ. ஹெவி வெயிட். பார்த்தால் சிரிப்பாய்.

ஆபி

*

பாலகாட்
17 பிப்ரவரி 2025

ஆபிரகாம்,

நான் சிரிக்கவில்லை.

உன் கடிதம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. அப்பா, ஷிஃப்டு, லைன் வீடு எல்லாம் இருக்கிறது. கையெழுத்தைப் பற்றி நீ எழுதியதை நான் நம்புகிறேன். அந்த நிலையில் பாதி ஊர் போட்டிருக்கும். அதற்காக நான் இருபத்தெட்டு வருடம் உன் பெயரைச் சொல்லாமல் இருந்தேன் என்று நினைக்கிறாயா? கையெழுத்துக்கு முன்னால் நடந்த ஒன்றை என் கடிதத்தில் எழுதியிருந்தேன். அதைத் தாண்டிக் குதித்துவிட்டுப் போயிருக்கிறாய். திரும்பப் படித்துப் பார்.

பயிற்சி நடக்கிறது. காலையில் பெங்களூர் போகும் மாரிக்குப்பம் வண்டியைப் பிடிப்பதற்கு முன் ஸ்கிப்பிங். பெங்களூர்க் கல்லூரி நூலகத்தில் பகல் முழுக்கப் புத்தகம் அடுக்குகிறேன், அதில் இடது தோள் நன்றாக இளகியிருக்கிறது. நளினி டியூட்டி முடித்து வந்தவள் கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"இன்னாங்க, அம்பத்தி மூணு வயசுல கயிறு தாண்டுறீங்க? பொண்ணு கிண்ணு பாக்கப் போறீங்களா?"

"கிளப்புல விருந்தாளி ரவுண்டுல நிக்கறேன்."

"அதுல நீங்க சும்மா விழுறதுதானே வேலை? விழுறதுக்கா இவ்வளோ பயிற்சி?"

நர்ஸிடம் எதையும் மறைக்க முடியாது. அன்றிலிருந்து என் இடது கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். விருந்தினர் யார் என்று அவளாகவே விசாரித்துத் தெரிந்துகொண்டாள். மூன்றாம் நாள் என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு முட்டியாக எண்ணெய் தேய்த்துவிட்டு, "உங்க இஷ்டம். ஆனா அவன் ஒடைச்சது ஒரு கை. மிச்சத்த நீங்களே ஒடைச்சிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை பங்காருபேட்டையில் இறங்கி திம்மராயப்பா வீட்டுத் தெருவுக்குப் போனேன். கிழவனாக, நோயாளியாக இருப்பார் என்று நினைத்தேன். இருந்திருந்தால் ஒருவேளை மனசு மாறியிருக்கும். நல்ல திடமாக, சாயம் போட்ட மீசையுடன், கேட்டருகே நின்று இளநீர்க்காரனிடம் அதட்டிக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய் எதிரில் நின்றேன். மேலும் கீழும் பார்த்தார். "யாரப்பா நீனு? ஏன் பேக்கு?" என்றார். கன்னடத்தில், யார் நீ, என்ன வேண்டும் என்று. வழி கேட்பதுபோல் எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஆபிரகாம், அவருக்கு என் முகம் நினைவில்லை. என் கையை உடைத்தது அவருக்கு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. வேண்டாம் என்று இனி எழுதாதே.

எம். மனோகர்

*

கோயம்புத்தூர்
1 மார்ச் 2025

மனோ,

திரும்பப் படித்தேன். நீ கேட்டது எது என்று முதல் முறையே தெரியும். தாண்டித்தான் குதித்தேன்.

அவர் டைம் கேட்கவில்லை.

காரிடாரில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி என் தோளில் கை போட்டார். "பையன் உன் பேச்சைக் கேப்பான்ல? மூணாவது ரவுண்டுல கீழ விழச் சொல்லு. விழுந்தா ரெண்டு பேருக்கும் நல்லது. இல்லேன்னா ரெண்டு பேரையும் எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றார். நான், "சரி சார்" என்றேன்.

அவ்வளவுதான். நீ கேட்காமல் விட்டதும் நான் சொல்லாமல் விட்டதும் இந்த இரண்டு வார்த்தைதான். உனக்காக, உன்னைக் கேட்காமல், நான் ஒத்துக்கொண்டேன்.

உள்ளே வந்து உன்னிடம் சொல்லிவிடத்தான் நினைத்தேன். நீ தலையைக் குனிந்து துணி முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தாய். முதல் ரவுண்டு முடியட்டும், சொல்லலாம் என்றிருந்தேன். முதல் ரவுண்டு முடிந்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாய். உன் வாயிலிருந்து பல் கவசத்தை எடுத்தேன். "எப்படிடா இருக்கு?" என்று கேட்டாய். விழுந்துவிடு என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். முதல் ரவுண்டு முழுக்க உன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தவன்டா நான். அப்படி ஒரு கையைக் கே.ஜி.எஃப்.பில் யாரும் பார்த்ததில்லை. என் வாயிலிருந்து, "முடிச்சிடு" என்றுதான் வந்தது. நீ போய் முடித்துவிட்டாய்.

அவனைப் பத்து எண்ண ஆரம்பித்தபோது நான் குதித்தேன். ஆறு எண்ணும்போதுதான் "சரி சார்" ஞாபகம் வந்தது.

அவர் பார்வையில் நான் வாக்குக் கொடுத்து ஏமாற்றியவன். அந்தக் கோபத்தை உன் கையில் காட்டினார். உன்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தால் நீ விழமாட்டாய்தான். ஆனால் என்ன வருகிறது என்று தெரிந்து ஊரைவிட்டாவது போயிருப்பாய். மகஜரில் போட்ட கையெழுத்தைவிட இதுதான் பெரியது. இது யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரிக்குக்கூட நேற்றுத்தான் சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

இத்துடன் மூன்று பக்கம் வைத்திருக்கிறேன். நோட்டரி முன்னால் எழுதிக் கையெழுத்திட்டது. அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், மகஜர் எப்படிப் போடப்பட்டது, எல்லாம் இருக்கிறது. எங்கே கொடுக்க வேண்டுமோ கொடு. கூப்பிட்டால் வந்து சொல்கிறேன். இந்த முறை ஓடமாட்டேன்.

ஒன்பதாம் தேதி வரமாட்டேன். வந்தால் நீ ரிங்கில் நிற்கும்போது உன் கார்னரில் நான் நிற்க வேண்டும். அதற்கு முகமில்லை. ஏப்ரலில் மாலா வீட்டுக்கு வருவதாக இருக்கிறேன். அப்போது என்னை அடி. நான் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறேன். எண்பத்தெட்டு கிலோ, எங்கே குத்தினாலும் படும்.

ஆபி

*

பாலகாட்
11 மார்ச் 2025

ஆபி,

உன் கவர் புதன்கிழமை வந்தது. மூன்று பக்கத்தையும் படித்தேன். கடிதத்தை வண்டியில் மறுபடியும் படித்தேன்.

முதலில் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் நிறைய. நளினி லீவு போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் முதலுதவிப் பையுடன் உட்கார்ந்திருந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. திம்மராயப்பா சால்வை, மாலை எல்லாம் வாங்கிக்கொண்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் ரிங்கில் ஏறினார். பிரதாப் மைக்கில், "தொண்ணூத்தேழு மாநிலத் தேர்வு, பேண்டம் வெயிட் சாம்பியன், நம்ம மனோகர் அண்ணா!" என்று கத்தினான். அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல, என் வலது கிளவுஸைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

மணி அடித்தது. நான் வழக்கப்படி கையைத் தொங்கவிட்டேன். மற்ற விருந்தினர்கள் தட்டுவார்கள், இவர் குத்தினார். விலாவில் இரண்டு, காதோரம் ஒன்று. ஜனம் விசிலடித்தது. நான் அவருடைய தாடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது தோள் தானாகவே பின்னால் போயிற்று. இவ்வளவு வருடம் கழித்தும் அந்தத் தோளுக்கு வேலை மறக்கவில்லை. அடுத்த எட்டில் விட்டிருப்பேன். அதற்குள் அவர் என் மேல் சாய்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். காதோடு காதாக, கன்னடத்தில், "என்னை ஏன் இப்படிப் பார்க்கிறாய்? உன்னை விற்றது உன் சிநேகிதன். அவன்தான் சரி சார் என்றான். அது தெரியுமா உனக்கு?" என்றார்.

ஆபி, இப்போது நான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது எனக்குத் தெரியும். 1997-லிருந்து தெரியும். ஸ்டேஷனில் ஒவ்வொரு அடிக்கும் அவர் அதைத்தான் சொன்னார். "உன் ஃப்ரெண்டு ஒத்துக்கிட்டான், நீ ஏன் விழல?" மூன்று முட்டிக்கு மூன்று முறை. நான் யாரிடமும் சொல்லவில்லை. கோர்ட்டில் சொல்லவில்லை, நளினியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன் அப்பா இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடந்திருக்க முடியாது. உன்னிடமிருந்து அது வரட்டும் என்று இருந்தேன். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று நினைத்தேன். நீ இருபத்தெட்டு எடுத்துக்கொண்டாய். நானும் பெருந்தன்மைக்காரன் இல்லை. தினமும் ஒருமுறையாவது உன்னைத் திட்டியிருக்கிறேன்.

ஆனால் "முடிச்சிடு" எனக்குப் புதிது. சொன்னாய் என்பது ஞாபகம் இருந்தது. சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தவனாக இருந்தும் சொன்னாய் என்று யோசித்ததில்லை. உன் வீட்டையும் அப்பாவின் வேலையையும் மறந்துவிட்டு, என் கையைப் பார்த்து வாய் தவறிச் சொல்லியிருக்கிறாய். வண்டியில் அந்த வரிக்கு வந்தபோது பேத்தமங்களாவிலிருந்து வருகிற ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தார். "இன்னா சார், கெட்ட சேதியா?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இல்லை என்றேன்.

அதனால் அவர் காதில் சொன்னபோது அது எனக்கு எட்டவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரை அவர் கையில் வைத்திருந்த பெரிய குத்து அதுதான். நீ அதை நாலு நாள் முன்னாலேயே தபாலில் அனுப்பிவிட்டாய். நான் சிரித்துவிட்டேன். "தெரியும் சார். அவனே எழுதிட்டான்" என்றேன்.

பிறகு அவரை உதறிவிட்டு விலகினேன். அடிக்கவில்லை. அடிவாங்கவும் இல்லை. மீதி நாற்பது விநாடியும் அவருடைய ஒரு குத்தைக்கூட என் மேல் பட விடவில்லை. விருந்தாளி ரவுண்டில் இப்படி யாரும் செய்ததில்லை. முதலில் ஜனத்துக்குப் புரியவில்லை. அவர் வலது விட்டார், காற்று. இடது விட்டார், காற்று. "பிடி சார், பிடி சார்!" என்று யாரோ கத்தினார்கள். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அவருக்கு வெறி வந்து இரண்டு கையையும் சேர்த்து வீசினார். நான் குனிந்தேன். தோல் ஷூ வழுக்கி, கயிற்றைப் பிடிக்கப் போய், அப்படியே உட்கார்ந்துவிட்டார். டி.எஸ்.பி. திம்மராயப்பா, பாலகாட்டுக்காரர்கள் அறுநூறு பேருக்கு முன்னால், காலை விரித்துக்கொண்டு. அவரோடு வந்த கான்ஸ்டபிளே திரும்பிக்கொண்டு சிரித்தான்.

பிரதாப் மணியை அடித்துவிட்டு ஓடி வந்தான். "அண்ணா, இன்னாண்ணா பண்ணிட்டீங்க? நீங்கதானே விழணும்!"

"இவரு முன்னாடியும் ஒரு தடவ விழச் சொன்னாருப்பா. அப்பவும் விழல."

மைக் அவன் கையில் திறந்தே இருந்தது. கொட்டகை முழுக்கக் கேட்டது. பழைய ஆட்கள் சிலர் எழுந்து நின்றார்கள். ஒருவர், "தொண்ணூத்தேழு!" என்று கத்தினார். அவர்களுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. திம்மராயப்பா கோப்பைகளைக் கொடுக்காமலே காரில் ஏறிவிட்டார். நளினிதான் எழுந்து வந்து என் காதைப் பார்த்தாள், பஞ்சு வைத்தாள். "இதுக்கு மட்டும்தானா இந்தப் பையத் தூக்கினு வந்தேன்?" என்றாள். வீடு வரை என் கையை விடவில்லை.

இது போதுமா என்று கேட்டால், போதாது. அவர் பென்ஷன் வாங்குவார், எனக்கு ரயில்வே வேலை வராது. திங்கட்கிழமை வக்கீல் ஒருவரிடம் உன் மூன்று பக்கத்தைக் காட்டினேன். இவ்வளவு காலம் கழித்து அவர் மேல் ஒன்றும் நிற்காது, பொய்ச் சாட்சி சொன்னதாக உன்னைத்தான் முதலில் இழுப்பார்கள் என்றார். இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். எனக்கு அது படிக்கத்தான் வேண்டியிருந்தது. படித்தாயிற்று.

ஏப்ரலில் வருவதாக எழுதியிருக்கிறாய். வா. ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்து உன்னைக் கூப்பிடுவேன் என்று எதிர்பார்க்காதே. ஆனால் நீ பங்காருபேட்டையில் இறங்கி மாரிக்குப்பம் வண்டிக்கு மாறத்தான் வேண்டும். சாயங்கால வண்டியில் நான் வருவேன், முன்னாலிருந்து மூன்றாவது பெட்டி. எண்பத்தெட்டு கிலோ ஏறினால் தெரியாமல் போகாது. நளினி மீன் குழம்பு வைப்பதாகச் சொல்லிவிட்டாள்.

இந்த இடத்தில் பெயர் போட வேண்டும். அரை மணி நேரமாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 'உன் நண்பன்' என்று போட்டால், இருபத்தெட்டு வருடக் கோபத்தை ஒரே வரியில் விட்டுக்கொடுத்ததாகிவிடும். அவ்வளவு சீக்கிரம் என்னால் முடியாது. வெறும் பெயரைப் போட்டால் யாரோ அந்நியனுக்கு எழுதியது போல் இருக்கிறது, அதுவும் உண்மை இல்லை. நளினி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "நண்பன்னு போட்டா இன்னாங்க கொறைஞ்சிடும்?" என்கிறாள். ஏப்ரலில் உன்னைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரியும். அதுவரை ஒன்றும் போடப் போவதில்லை. இப்படியே ஒட்டி, காலை வண்டிக்குப் போகும் வழியில் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.